ஹால்ஸ்ஷ்டாரிக்: வணங்காக் கழுத்து

பிடிவாதத்தைச் சுட்ட ஜெர்மன் மொழியில் வழங்கும் பல சொற்களுள் நீண்ட வரலாறு உடையது ‘ஹால்ஸ்ஷ்டாரிக்’. ‘ஹால்ஸ்’ என்பது கழுத்து. ‘ஷ்டார்’ என்பது விறைத்து அசையாமல் நிற்பது. எவர் சொல்லுக்கும் இணங்காத மனத்தை இச்சொல் விறைத்த கழுத்தாகக் காட்டுகிறது.

இதன் வேர் விவிலியத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 32:9-இல், பொன் கன்றுக்குட்டியைத் தொழுத இஸ்ரவேலரைக் குறித்து வரும் எபிரேயத் தொடர் ‘கடினக் கழுத்து’ என்று பொருள்படும். நுகத்தடிக்குக் கழுத்தைத் தாழ்த்த மறுக்கும் எருதே அதன் பின்னணி என்று விளக்குவர். 16ஆம் நூற்றாண்டில் அதை மார்ட்டின் லூதர் ‘ஹால்ஸ்ஷ்டாரிக்’ என்றும், ஆங்கிலத்தில் வில்லியம் டிண்டேல் ‘ஸ்டிஃப்நெக்ட்’ என்றும் பெயர்த்தனர். தமிழ் விவிலியத்தில் இது ‘வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள்’ என்று வருகிறது. வளைதல், தொழுதல் ஆகிய இரு பொருளும் ‘வணங்கு’ என்னும் வினையில் அடங்கியிருப்பதால், கன்றுக்குட்டியை வணங்கிய மக்கள் ஆண்டவருக்கு வணங்கவில்லை என்ற முரணும் அத்தொடரில் ஒலிக்கிறது. மற்ற இரு பெயர்ப்புகளிலும் இந்த நயம் இல்லை என்றே கருதுகிறேன்.

‘ஹார்ட்நெக்கிக்’ என்பதும் கழுத்திலிருந்து பிறந்ததே. கடினமான பிடரி என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் இன்று அதில் பழிப்பு குறைவு. எதிர்ப்புக்குத் தளராமல் உண்மையைத் தேடிச் செல்பவரையும், மருந்துக்கு அடங்காத இருமலையும், துவைத்தும் போகாத கறையையும் இந்த ஒரே சொல்லால் ஜெர்மானியர் குறிப்பர். ஆங்கிலத்தில் இடத்துக்கேற்ப ‘பெர்சிஸ்டென்ட்’ என்றோ ‘ஆப்ஸ்டினேட்’ என்றோ வரும். தமிழிலும் ஒரே சொல்லால் சமாளிக்கக் கூடாது: ஆளுக்கு ‘விடாப்பிடியான’, இருமலுக்கு ‘விடாத’, கறைக்கு ‘போகாத’ என்பனவே இயல்பு.

வட ஜெர்மனியின் தாழ்நிலப் பேச்சுவழக்கிலிருந்து பொதுமொழிக்கு வந்த ‘ஷ்டூர்’, விதியைத் தவிர வேறெதையும் பார்க்காத அதிகாரிக்குப் பொருந்தும். ‘வளைந்து கொடுக்காத’ என்பது அதற்குச் சரியான தமிழ். ‘போக்கிக்’ கிடாயைக் குறிக்கும் ‘போக்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. குழந்தைகளைப் பற்றியே பெரிதும் வழங்குவதால் ‘முரண்டு பிடிக்கும்’ என்பது போதும்.

மிகவும் கவனம் வேண்டுவது ‘ஐகன்ஸின்’. ‘தன் சொந்த எண்ணம்’ என்னும் நேர்ப்பொருள் கொண்ட இச்சொல் அன்றாட வழக்கில் குறையையே சுட்டும். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயோ தாம் பெரிதும் நேசிக்கும் ஒரே நற்பண்பு இதுவே என்று எழுதினார். ஆகவே, பழிக்கும் இடத்தில் ‘தன்மூப்பு’ என்றும், ஹெஸ்ஸே போற்றும் பொருளில் ‘தன்வழி நிற்றல்’ என்றும் பெயர்ப்பதே முறையாகும்.