சும்மா ஒழுகவில்லை, சூடு சுமக்கிறது

குளிர்நாட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காசு போட்டு நாமே கார் கழுவிக்கொள்ளும் இடத்தில், ஆளே இல்லாத ராத்திரியிலும் தண்ணீர்த் துப்பாக்கிகள் ஒழுகிக்கொண்டே இருக்கின்றன. வீண்தானே? கேட்டால், ஓடும் தண்ணீர் உறையாது என்கிறார்கள். நிஜமா?"

ஒழுகல் தெரிந்தே வைத்தது. அவர்கள் சொன்ன காரணம்தான் தப்பு.

தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பருக்கும். குழாயில் ஓரிடத்தில் பனி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய வால்வுக்கும் நடுவே சிக்கிய நீர் நசுங்கி அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கும். இது பள்ளியிலேயே படித்ததுதான். பம்ப் சூடான அறைக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே தொங்கும் ஹோஸும் துப்பாக்கியும்தான் ஆபத்தில் இருப்பவை.

சரி, ஓடினால் உறையாதா? ஆறுகள் உறைகின்றனவே! கடுங்குளிரில் வேகமாகப் புரளும் ஆற்றுநீரிலேயே பனித்துகள்கள் கூழ்போலத் திரள்வதுண்டு. ஓடுவதால் உராய்வுச் சூடு வருமே என்று வாதாடலாம். கணக்குப் போடுவோம்: குழாய்த் தண்ணீரின் 3 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) முழுவதும் உராய்வில் வெப்பமாக மாறினாலும் நீர் 0.07 டிகிரிதான் சூடேறும். "ஓடும் நீர் உறையாது" என்பது பூனை குறுக்கே போன கதைக்குச் சொந்தக்காரன். பொறியியல் படித்தவர்கள் சொல்வதால் யாரும் அதை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் நடப்பது வேறு. ஹோஸ் குளிர்காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. ஒழுகும் நீர், மண்ணுக்கடியில் இருந்து கொஞ்சம் வெப்பத்தைச் சுமந்து வந்து அந்தக் கடனை அடைக்கிறது. உள்ளே வரும் நீர் 8 டிகிரி, நிமிடத்துக்கு 200 மில்லி என்று வையுங்கள். அதாவது நொடிக்கு 3.3 கிராம். ஒவ்வொரு கிராமும் ஒரு டிகிரி குளிர 4.2 ஜூல் தரும். பூஜ்ஜியத்துக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட 110 வாட்! நூலாக வழியும் தண்ணீர், பழைய குண்டு பல்பு ஒன்று தரும் அளவு சூட்டை ஹோஸ் நெடுக இறக்கிவிட்டுப் போகிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதில்லை.

இன்னொரு சங்கதி. நீர் 8 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வந்தால் கிராமுக்கு 34 ஜூல்தான். ஆனால் உறையும்போது 334 ஜூல் வெளிவிடும். உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆகவே ஒழுகல் நின்ற அடுத்த நிமிடமே ஹோஸ் முழுக்கக் கட்டியாகிவிடாது. கோளாறைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

அமைப்பு எளிது. குளிர் நெருங்கியதும் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) ஒரு சொலினாய்டு வால்வைத் (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு) திறக்கும். குழாய்த் தண்ணீர் கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு என்ஆர்வியைத் (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) தாண்டி, பம்புக்கு அப்பால் ஹோஸில் சேரும். துப்பாக்கியின் விசையை விட்டாலும் உள்ளே ஒரு பொடித்துளை மூடாமல் திறந்தே இருக்கும். ஒழுகல் அதன் வழியாகத்தான்.

எல்லாத் துப்பாக்கிகளும் நின்றுவிட்டால் பொது வழியைப் பாருங்கள்: தண்ணீர் வருகிறதா, சொலினாய்டு திறந்ததா, தெர்மோஸ்டாட்டின் உணரி எங்கே இருக்கிறது. சூடான சுவரில் ஒட்டிய உணரி, வெளியே உறைபனி கொட்டினாலும் "குளிரே இல்லை" என்று சாதிக்கும். நல்ல அமைப்பில் மின்சாரம்தான் வால்வை மூடி வைத்திருக்கும். கரண்ட் போனால் வால்வு தானே திறந்து ஒழுகல் தொடங்கிவிடும். யோசித்தவர் கெட்டிக்காரர்.

ஒன்று மட்டும் நின்றால் சொலினாய்டைக் கழற்றாதீர்கள். அந்தக் கிளையில்தான் குற்றவாளி. பெரும்பாலும் துளையில் சுண்ணாம்போ மணலோ அடைத்திருக்கும். அல்லது போன வாரம் மாற்றிய புதுத் துப்பாக்கியில் துளையே இருக்காது. துளை உள்ள துப்பாக்கியும் இல்லாததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான்.

அப்புறம் என்ஆர்வி. ஒருவர் சோப்பு அடிக்கும்போது பக்கத்துத் துப்பாக்கியில் நுரை எட்டிப் பார்க்கிறதா? 70, 80 பார் அழுத்தத்தில் இருக்கும் சோப்புநீர் பின்வாங்கி ஒழுகல் குழாய்க்குள் புகுந்திருக்கிறது. வால்வை உடனே மாற்ற வேண்டும், ஏனென்றால் அந்த மெல்லிய குழாய் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது.

வீண்தானே என்ற கேள்விக்கு ஒரு வெப்பமானி போதும். ராத்திரி துப்பாக்கி முனையில் சொட்டும் நீரில் அதைப் பிடியுங்கள். 1 டிகிரி காட்டினால் ஒழுகல் விளிம்பில் இருக்கிறது. காற்று கொஞ்சம் பலமானாலும் தோற்றுவிடும், ஒழுகலைச் சற்றுக் கூட்ட வேண்டும். அந்த ஊரில் வரக்கூடிய மிக மோசமான குளிரிலும் 6 டிகிரி காட்டினால், வாசகர் சொன்னது சரி: பாதித் தண்ணீர் வீண்தான்.