படகுக்கு ஒரு பலியாடு

படகில் குடித்தனம் நடத்துபவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், இந்த வாரம் எது ரிப்பேர் என்றுதான் பதில் வரும். இங்கிலாந்தின் கால்வாய்களில் நாரோபோட் என்ற ஒடுக்கமான இரும்புப் படகுகளில் பல குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வாழ்கின்றன. அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு, நீளம் எழுபதடி வரை போகும். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய, படகை ஏற்றியிறக்கும் ஒடுக்கமான மதகுகளுக்குள் நுழைய வேண்டுமே, அதனால் அந்த அகலம். ரயில் பெட்டி மாதிரி அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, கழிவறை, டீசல் எஞ்சின் எல்லாம்.

எஞ்சின் அதிர்வில் திருகுகள் கழலும். நாலு பேர் விடுகிற மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த இரும்பில் பட்டு நீராக வழியும். டீசல் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தொல்லைகள். தெரியாமல் நடக்கிற ஒன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது: படகே ஒரு பேட்டரியாகிவிடுகிறது.

இரண்டு வேறு உலோகங்களை ஒன்றோடொன்று தொடுத்து, உப்போ தாதுவோ கரைந்த நீரில் வைத்தால் மின்சாரம் ஓடும். பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்திப் பார்த்தது இதேதான். நாரோபோட்டின் உடல் எஃகு. புரொப்பல்லர் செம்பு கலந்த உலோகம். இரண்டையும் எஞ்சினும் தண்டும் இணைக்கின்றன. இரும்பு எலக்ட்ரான்களைச் செம்பின் பக்கம் அனுப்பிவிட்டு, தான் அயனியாகக் கரைந்து நீரில் போகிறது. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் சுமார் 9 கிலோ இரும்பு காணாமல் போகும். படகில் ஓடுவது பெரும்பாலும் மில்லிஆம்பியர்தான். ஆனால் அது தகட்டைச் சீராகத் தேய்ப்பதில்லை. பூச்சு உரிந்த இடமாகப் பார்த்துக் குழி பறிக்கும். புதுப் படகில் பக்கத் தகடு பொதுவாக 6 மில்லிமீட்டர். மிளகளவு குழி ஒன்று அதில் பாதியைத் தின்றிருந்தாலும், உள்ளே தூங்குகிற குழந்தைக்கோ சமைக்கிறவருக்கோ எதுவும் தெரியாது.

இதைத் தடுக்க முடியாது. ஆனால் எது கரைய வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகக் கட்டிகளைப் படகின் உடலில் பற்றவைத்துவிடுவார்கள். ஆனோடு என்று பெயர். பலியாடு என்று சொன்னால் இன்னும் பொருத்தம். கடலில் துத்தநாகம் போதும். கால்வாயின் நன்னீரில் மின்சாரம் சிரமப்பட்டு ஓடுவதால் அங்கே துத்தநாகம் சோம்பிவிடும். மேலே ஒரு படலம் மூடி வேலையை நிறுத்திக்கொள்ளும். எனவே அங்கே மக்னீசியம். உங்கள் வீட்டு கீசர் தொட்டிக்குள்ளும் பெரும்பாலும் ஒரு மக்னீசியத் தண்டு இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அது வேறு கதை.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, பாசியைக் கழுவி, தார் பூசுவார்கள். அப்போது ஆனோடைப் பார்க்க வேண்டும்: செங்கல் மாதிரி கனமாக மாட்டியது, எலி கடித்த வெல்லக்கட்டிபோல் குழிகுழியாகச் சுருங்கியிருக்கும். அப்படி இருந்தால் நல்ல சேதி. புதுசுபோல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது எங்கோ தொடர்பறுந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். எர்த் வயர் வழியாக அக்கம்பக்கத்துப் படகுகள் எல்லாம் ஒரே உலோகமாக இணைந்துவிடும். பக்கத்துப் படகில் ஆனோடு தீர்ந்துபோயிருந்தால் உங்கள் ஆனோடு அதற்கும் சேர்த்துக் கரையும். சரி, எர்த்தை வெட்டிவிடலாமா? கூடவே கூடாது, மின்கசிவு வந்தால் குழந்தைகளோடு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறீர்கள். இதற்கு எர்த் வயரின் நடுவே டையோடுகள் கொண்ட சிறு பெட்டி ஒன்றை மாட்டுவார்கள். சுமார் 1.2 வோல்ட் வரை அது வழி விடாது. உலோகங்களுக்கு இடையிலான மின்னழுத்தம் அதற்குள் அடங்கிவிடும். நிஜமான மின்கசிவு வந்தால் தாராளமாகத் திறந்துவிடும்.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ் கடற்படை கஷ்டப்பட்டுக் கற்றது. 1761-இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிமரத்தைப் புழு தின்னாமலிருக்கச் செம்புத் தகடு போர்த்தினார்கள். 1763-இல் பார்த்தால் செம்பு நன்றாக இருக்கிறது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருக்கின்றன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை யாரோ பிரிக்காமலே அடித்துவிட்டதால், செம்புக்கும் இரும்புக்கும் நடுவே அது சிக்கியிருந்தது! ஒரு தொழிலாளியின் அலட்சியம் கண்டுபிடிப்பாகிவிட்டது.

1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளர் அந்தச் செம்பையும் காக்கப் புறப்பட்டார். இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைத்தார். செம்பு கரைவது நின்றது. ஆனால் பாசியும், கொட்டலசு என்ற ஓடுடைய சிற்றுயிர்களும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை அவற்றுக்கு விஷமாக இருந்திருக்கிறது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவியின் வேதியியலில் பிழையில்லை. ஒன்றைச் சரிசெய்தபோது இன்னொன்று கெட்டது, அவ்வளவுதான்.

படகுக் குடும்பங்கள் நாளும் பார்ப்பது இதைத்தான். புரொப்பல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கிரீஸ் தோய்த்த கயிற்றுத் திரியைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். பல படகுகளில், எஞ்சின் ஓடும்போது அங்கே அவ்வப்போது ஒரு சொட்டு விழ வேண்டும். அந்த நீர்தான் தண்டைக் குளிர வைக்கிறது. புதிதாக வந்தவர் கசிவைப் பார்த்துப் பதறி, ஸ்பானரால் முழுக்க இறுக்கிவிடுவார். சொட்டு நிற்கும். அப்புறம் திரி சூடாகிக் கருகும், தண்டில் கோடு விழும். வாளியோடு போயிருக்க வேண்டிய வேலை, படகைக் கரையேற்றுகிற செலவில் போய் நிற்கும்.

அதனால் பழகிய குடும்பங்களில், அன்றைய பயணம் முடிந்து படகைக் கட்டியதும் ஒரு பிள்ளை பின்பக்கப் பலகையைத் தூக்கும். அந்தத் திரிக்குள் கிரீஸைத் தள்ளும் குழலின் பித்தளைப் பிடியை, கை கனக்கும் வரை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றும். டார்ச் அடித்து, சொட்டு நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகும்.