குரக்கன் பிஸ்கட்டும் முதுமாணிப் படிப்பும்

விவசாயமோ உயிரியலோ முடித்த பட்டதாரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள், "சேர், ஃபங்ஷனல் ஃபூட், புரொடக்ட் டெவலப்மென்ட் எண்டு ஒரு முதுமாணி இருக்காமே, செய்யலாமா?" என்று. ஃபங்ஷனல் ஃபூட் என்றால் பசியாற்றுவதோடு உடம்புக்குக் குறிப்பிட்ட ஒரு நன்மையும் செய்கிற உணவு, புரொடக்ட் டெவலப்மென்ட் என்றால் புதுப் பொருள் உருவாக்கம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர்களோடு உணவுத் தொழில்நுட்ப வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பில் பாதிப்பேர் எதிர்பார்ப்பது புதுப்புது உணவு செய்யக் கற்றுத் தருவார்கள் என்று, அது கொஞ்சம்தான். பெரும்பகுதி, லேபலில் ஒரு வரி எழுதுவதற்கு முன் அந்த வரியை எப்படி நிரூபிப்பது என்பது.

இந்த ஃபங்ஷனல் ஃபூட் விஷயம் தொடங்கியது யப்பானில். எண்பதுகளில் அங்கே இதற்கென அரச ஆராய்ச்சி நடந்து, 1991இல் ஃபோஷு என்ற அனுமதி முறை வந்தது. ஓர் உணவு வயிற்றை நிரப்புவதற்கு மேல் உடம்புக்குக் குறிப்பிட்ட ஒரு நன்மை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால், ஆதாரத்தைக் கொண்டு வந்து காட்டு, அனுமதி வாங்கு, பிறகு எழுது. அவ்வளவுதான் அடிப்படை.

சரி, இப்போது நம்முடைய கண்காட்சிகளுக்கு வாருங்கள். சுயதொழில் மேசைகளில் வரிசையாகக் குரக்கன் மா, முருங்கை இலைத் தூள், வல்லாரைப் பானம், சிவப்பரிசிச் சத்துமா. செய்கிறவர்கள் உழைப்பாளிகள், பொருளும் பெரும்பாலும் நல்ல பொருள். ஆனால் பைக்கற்றில் "சீனி வருத்தத்தைக் குணமாக்கும்" என்று அச்சடித்திருக்கும். ஓர் உணவு நோயைக் குணமாக்கும் என்று சொல்லக்கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டலில் தெளிவாகவே இருக்கிறது, நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த லேபல் விதிகளும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பைக்கற்றைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இன்னொன்று, "சீனி சேர்க்கப்படவில்லை" என்று முன்பக்கம் போட்டுவிட்டுப் பின்பக்கம் பனங்கட்டி என்று எழுதுவது. பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தானே! இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

"குணமாக்கும்" என்பதை விட்டுவிட்டு "குறைந்த ஜி.ஐ. உள்ளது" என்று எழுதலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். ஜி.ஐ. என்றால் ஓர் உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண். எழுதலாம், 55 அல்லது அதற்குக் கீழே என்று அளந்து காட்டினால். எப்படி அளப்பது? ஐ.எஸ்.ஓ. 26642 என்ற முறை இருக்கிறது. ஆரோக்கியமான பத்துப் பேராவது வேண்டும், இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் வரவேண்டும், சமிக்கக்கூடிய மாச்சத்து 50 கிராம் வருமளவுக்கு உங்கள் பிட்டையோ ரொட்டியையோ நிறுத்துக் கொடுத்து, முதல் ஒரு மணித்தியாலம் கால் மணிக்கு ஒருக்கா, பிறகு அரை மணிக்கு ஒருக்கா, மொத்தம் இரண்டு மணித்தியாலம் விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சீனியளவைக் குறிக்க வேண்டும். அதே ஆட்களுக்கு வேறொரு நாள் குளுக்கோஸ் கொடுத்து அதையும் அளந்து, சீனியளவு ஏறி இறங்குவதைக் காட்டும் இரண்டு வளைகோடுகளின் கீழுள்ள பரப்பையும் ஒப்பிட வேண்டும். இதற்கெல்லாம் முதலில் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் போகலாம். இவ்வளவும் செய்து வருகிற எண்ணும் அந்தப் பிட்டுக்கு மட்டுமே. அதே மாவில் சுட்ட பிஸ்கட்டுக்குச் செல்லாது. மாவை நைசாக அரைத்தால் ஒரு பெறுமானம், கரடுமுரடாக அரைத்தால் இன்னொன்று. அதிகம் வேகவைத்தால் மாறும், ஆறவைத்தாலும் மாறும். குரக்கன் நல்லது என்று அம்மம்மா சொன்னதில் பிழையில்லை, ஆனால் அவ சொன்னது அவ இடித்த மாவைப் பற்றி.

பிஸ்கட் என்றதும் ஞாபகம் வருகிறது. கோதுமை மாவில் ஒரு பங்கைக் குறைத்துக் குரக்கன் போடுவது மாணவர்கள் அதிகம் எடுக்கிற ஆய்வுத் தலைப்பு. குரக்கனில் மாவைப் பிடித்து வைக்கிற குளூட்டன் என்ற புரதம் கிடையாது, கூடக்கூடப் பிஸ்கட் உதிரும், நிறம் கறுக்கும், வாயில் மணல் போலப் படும். இதைச் சரிக்கட்டப் பலபேர் செய்வது சீனியையும் மாஜரினையும் கூட்டுவது. உடம்புக்கு நல்லது என்று தொடங்கிய பொருள் கடைசியில் சாதாரண பிஸ்கட்டை விட மோசமாகிப் போன கதைகள் நிறைய உண்டு. இதற்குத்தான் படிப்பு வேண்டும் என்கிறேன். முளைகட்டினால், தாதுச்சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிற பைற்றேற்று குறையும், அப்போது இரும்பும் கல்சியமும் உடம்பில் கூடுதலாகச் சேரும். அதே வேளை மாவின் தன்மையும் மாறும். நார்ச்சத்து "உள்ளது" என்று போட 100 கிராமில் 3 கிராம், "அதிகம்" என்று போட 6 கிராம் வேண்டும் என்று கோடெக்ஸ் சொல்கிறது. பிறகு சுவைப் பரிசோதனை. சொந்தக்காரருக்குக் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை, எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்று சொல்ல மாட்டார்கள். மூன்றிலக்க எண் போட்ட மூன்று மாதிரிகளை, இரண்டு ஒரே பொருள், ஒன்று வேறு என்று கொடுத்து எது வேறானது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

எனக்கு ஆசையான தலைப்பு என்றால் தயிர்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்து வருகிற எருமைத் தயிரை இலங்கை முழுக்கத் தேடுகிறார்கள், ஆனால் முதல்நாள் தயிரில் உறை குத்துகிற நம் முறையில் அந்தச் சட்டிக்குள் எந்தெந்த நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறது என்று செய்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. யோகட் மாதிரிப் புளித்த பாலில் பெயர் சொல்லிப் போடுகிற நுண்ணுயிர் ஒரு கிராமில் குறைந்தது பத்து இலட்சம் உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் செய்த அன்றைக்கு இருந்தால் போதாது, காலாவதித் திகதி வரைக்கும். சட்டித் தயிர் பஸ்ஸிலும் லொறியிலும் வெயிலோடு கொழும்புக்குப் போகிறபோது புளிப்பு ஏறிக்கொண்டே போகும், நல்ல கிருமியும் அந்தப் புளிப்பில் சாகலாம். நல்ல கிருமி உயிரோடு இருக்கிற "புரோபயோட்டிக் தயிர்" என்று ஸ்ரிக்கர் ஒட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். இந்தப் பயணத்தை அளந்து, எந்த நுண்ணுயிர் வகை தாக்குப்பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முதுமாணி ஆய்வே வேண்டும். அப்படி ஒன்றை இங்கிருந்து யாராவது எடுத்தால் சந்தோஷப்படுவேன்.

எங்கே படிப்பது? உணவு விஞ்ஞானத்தில் முதுமாணிக்கு நம்மவர்கள் வழமையாகப் போவது பேராதனைக்கு, 1975இல் தொடங்கிய விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்கு. பேராதனையில் தொடங்குகிற ஏ5 வீதி, நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் பக்கத்துச் செங்கலடியில்தான் வந்து முடிகிறது, ஆனாலும் வேலை செய்துகொண்டு சனி ஞாயிறு வகுப்புக்கு ஓடுவது லேசில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அந்தந்த ஆண்டு என்ன பட்டப்பின் படிப்பு திறந்திருக்கிறது என்று நேரே போய்க் கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பட்டங்களுக்கு மட்டம் போடுகிற நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் 30 கிரெடிட் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் மட்டம். பிறகு கலாநிதிப் பட்டம் செய்கிற எண்ணம் இருந்தால் முன்னதை எடுத்துவிட்டு ஆய்வு இல்லையே என்று அலையாதீர்கள். தொழிற்சாலையில் தர மேற்பார்வைக்குப் போகிறவருக்கு முன்னதே போதும்.

அயர்லாந்து, இங்கிலாந்துப் பக்கம் ஒரு வருட முதுமாணிகள் இருக்கின்றன, முகவர்கள் நல்லாக விளம்பரம் செய்வார்கள். காசு இருந்தால் போகலாம், ஆனால் அங்கே ஓட்ஸில் இருக்கிற பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்தைப் படித்துவிட்டு வருகிறவர் இங்கே குரக்கனுக்கு முன் நின்றால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார். முறை ஒன்றுதான், பொருள் வேறு. வேலையும் அப்படித்தான்: பெரிய உணவு நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் கொழும்புப் பக்கம் மேல் மாகாணத்தில் இருக்கின்றன, எங்கள் பக்கம் அரிசி ஆலையும் பால் சேகரிப்பும் கருவாடும்தான்.

வழிகாட்டியாக வரக்கூடிய விரிவுரையாளருக்கு எழுதும்போது "எனக்கு ஃபங்ஷனல் ஃபூட் பிடிக்கும்" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதிலே வராது. எந்தப் பொருள், அதில் என்ன பிரச்சினை, எந்த அளவையைப் பார்க்க நினைக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அப்புறம் அந்த ஆய்வுகூடத்தில் உங்களுக்குத் தேவையான இயந்திரம் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அது இப்போது வேலை செய்கிறதா, மாதிரி ஒன்றுக்கு எவ்வளவு அறவிடுகிறார்கள், மாதிரியைக் குளிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வழி உண்டா என்பதையும் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னமே கேட்டுவிடுங்கள்.