விரலுக்குத் தெரிந்த பிழை

விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டச்சு செய்யப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வேகமாக அடித்துக்கொண்டு போகும்போது ஒரு விரல் பக்கத்து எழுத்தில் விழுகிறது. தப்பு என்று மனத்தில் படுவதற்கு முன்பே கை ஒரு கணம் தயங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் லோகனும் மேத்யூ கிரம்ப்பும் இந்தத் தயக்கத்தை வைத்துக் குறும்பான சோதனை ஒன்றைச் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். தேர்ந்த தட்டச்சாளர்கள் சரியாக அடித்த சொல்லில் கணினி தானே ஒரு பிழையைப் புகுத்திவிடும். அவர்கள் தவறாக அடித்ததைச் சில வேளை சத்தமில்லாமல் திருத்தியும் வைக்கும். புகுத்திய பிழையைத் திரையில் கண்டவர்கள் பெரும்பாலும் பழியைத் தம் தலையில் போட்டுக்கொண்டார்கள். திருத்திய சொல்லைக் கண்டபோதோ, தாமே சரியாக அடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். விரல்கள் மட்டும் ஏமாறவில்லை. உண்மையில் தவறிய இடங்களில்தான் அவற்றின் வேகம் குறைந்தது.

மூளைக்குள் காவலுக்கு ஒருவர் அல்ல, குறைந்தது இருவர் இருக்கிறார்கள் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். இருவரும் பேசிக்கொள்வதும் குறைவு போலும்.

முந்திக்கொள்ளும் காவலரின் தடயம் 1990-களின் தொடக்கத்திலேயே கிடைத்திருந்தது. ஜெர்மனியில் மைக்கேல் ஃபால்கன்ஸ்டைன் குழுவும் அமெரிக்காவில் வில்லியம் கெரிங் குழுவும் தனித்தனியே அதைக் கண்டன. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, விரைந்து பொத்தான் அழுத்தச் சொன்னால், தவறான பொத்தானை அழுத்திய சுமார் 50 முதல் 100 மில்லிவிநாடிக்குள் நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் எதிர்மறை மின் அலை உச்சத்தைத் தொடுகிறது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில் உள்ள முன் சிங்குலேட் பகுதி அதன் முக்கியப் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது.

இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிகிறது? விளக்கங்கள் பல உண்டு. எனக்குப் பிடித்தது இது: அவசரத்தில் விரல் இறங்கிவிட்டாலும் கண்ணில் பட்டதை மூளை அலசி முடித்திருக்காது. அலசல் தொடர, சரியான விடை தாமதமாக வந்து சேர்ந்து, ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட தவறான விடையோடு மோதுகிறது. அந்த மோதல்தான் அலையாக எழுகிறது.

இந்த அலை எழுவதற்கு நாம் பிழையை உணர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒளிப்புள்ளி தோன்றும் திசைக்கு எதிரே பார்க்கச் சொல்லும் சோதனையில், கண் பல முறை ஒளியின் பக்கமே ஒரு கணம் தாவிவிடும். அதைப் பங்கேற்பவர் அறியாமலும் போவதுண்டு. 2001-இல் வெளியான அத்தகைய ஆய்வில், அறிந்த பிழைக்கும் அறியாத பிழைக்கும் முதல் அலை ஏறக்குறைய ஒரே அளவில் எழுந்தது. அதன் பின்னே வரும் நேர்மறை அலைதான் அறிந்த பிழைகளில் பெரிதாக இருந்தது.

பிழைக்கு அடுத்த விடை சற்று மெதுவாக வரும் என்பதை பாட்ரிக் ராபிட் 1966-இலேயே காட்டியிருந்தார். எச்சரிக்கைதான் காரணம் என்று தோன்றும். முழுக்க அப்படியில்லை. பிழைகளே மலிந்து சரியான விடை அபூர்வமாகும்படி சோதனையை அமைத்தால், சரியான விடைக்குப் பிறகும் மனிதர்கள் மெதுவாகிறார்கள். எதிர்பாராதது எதுவானாலும் மூளை ஒரு முறை திரும்பிப் பார்க்கிறது.

காவலரே கண்ணயர்ந்தால்? ஒரே மாதிரியான வேலை நீளும்போது, ஓய்வில் மனம் உள்நோக்கி அலையும் நேரத்தில் இயங்கும் மூளை வலையமைப்பு மெல்லத் தலைதூக்குகிறது. முயற்சியைத் தாங்கிப் பிடிக்கும் பகுதிகள் தளர்கின்றன. பிழைக்குச் சுமார் 30 விநாடி முன்பே இந்தச் சரிவு தொடங்குவதை 2008-இல் வெளியான மூளைப் படங்கள் காட்டின.

வெளியிலிருந்தும் அதைப் பார்க்கலாம். 1997-இல் வந்த ஒரு சோதனையில் திரையில் 1 முதல் 9 வரையான எண்கள் மாறிமாறித் தோன்றும். எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், 3-க்கு மட்டும் கூடாது. நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல், 225 எண்கள். தவறு செய்வதற்கு முன் விரல் மெதுவாவதில்லை, வேகமெடுக்கிறது. எண்ணை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. 3 தோன்றும்போது பொத்தான் ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கிறது.