கவைக்கோலும் காட்டுப்பன்றியும்

பெங்களூரில் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, பயிற்சி கொடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள் கொஞ்சம், ஐடி வேலைக்கு வந்து ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கியவர்கள் மீதி. இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இப்போது ஒரு புதுப் பழக்கம்: ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்குவது, ஆன்லைனில் ஒரு ஏர் ரைஃபிள் வாங்குவது, கை ஆடுகிறது என்று துப்பாக்கியைத் தாங்க ஒரு குச்சி செய்ய ஆரம்பிப்பது.

போன மாதம் ஒருவர் குச்சியைக் கையோடு கொண்டுவந்தார். இரண்டு பிவிசி பைப், நடுவில் ஒரு போல்ட், மேலே கத்தரிக்கோல் வாய் மாதிரி விரிப்பு. வீடியோ பார்த்துச் செய்தாராம். கனகபுரா பக்கம் அரை ஏக்கர், அதில் சர்க்கரைவள்ளி.

"எல்லாம் பன்னிக்குத்தான் சார். ராத்திரியில வந்து மொத்தத்தையும் கிளறிட்டுப் போயிடுது. இதுல வச்சு சுட்டாலும் ஆடுது, பாருங்க."

குச்சியைப் பார்க்கும் முன் பன்றி விஷயத்தைப் பேசிவிடலாம் என்று உட்காரச் சொன்னேன்.

பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத, 4.5 மில்லிமீட்டர் குழல் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். இதைக் கேட்டதும் பலர் "அப்போ என்ன வேண்டுமானாலும் சுடலாம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பது வைத்துக்கொள்ளத்தான். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அங்கே 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் கிடையாது. காயப்படுத்துவது, பிடிப்பது, விரட்டிக் கொண்டுவருவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். குறி தவறினாலும் குற்றம் குற்றம்தான். மயில் போல முதல் பட்டியலில் இருக்கும் உயிர் என்றால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. காட்டுப்பன்றியும் பட்டியலில் இருக்கிற விலங்குதான். 'ஆயுதம்' என்ற சொல்லுக்கும் அந்தச் சட்டம் பெரிய வலையாக விரித்திருக்கிறது. வில், அம்பு, கத்தி, கண்ணி, வலை வரைக்கும் அதில் வரும். நகரத்துக்குத் தெற்கே பன்னேருகட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு கால் வைப்பதே தப்பு.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். நாம் போடும் பெல்லட், அந்தச் சின்ன ஈயக் குண்டு, அரை கிராம். எண்பது கிலோ பன்றி அதற்கு விழாது. தோலுக்குள் ஈயத்தோடு ஓடிப்போய் எங்கேயாவது சீழ் வைத்துச் சாகும், அல்லது திரும்பி உங்கள் மேலேயே பாயும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், சோலார் வேலி போடலாம். வீட்டுக் கரண்டை நேராக வேலிக்கு இழுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பன்றி சாவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்து ஆள் போய்விடுவார்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி சார், டார்கெட்டுக்காவது இந்தக் குச்சி ஆகுமா?" என்றார். ஆகும். நன்றாகவே ஆகும். ஆனால் இந்தக் குச்சி ஆகாது.

ஊரில் வேலி முள் தள்ளுவதற்குக் கவைக்கோல், நுனி இரண்டாகப் பிரிந்த கோல், வைத்திருப்பார்கள். துப்பாக்கிக்குத் தாங்கு கொடுக்கும் குச்சியும் அந்த ஜாதிதான். 1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள், கனமான ரைஃபிளைக் குறுக்காகக் கட்டிய இரண்டு குச்சிகள் மேல் வைத்துத்தான் சுட்டார்கள். வேலை ஒன்றுதான்: ஆட்டத்தைக் குறைப்பது. தோளிலிருந்து குழல் வாய் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வையுங்கள். வாய் ஒரு மில்லிமீட்டர் ஆடினால், பத்து மீட்டர் தள்ளி இருக்கிற குறி அட்டையில் அது ஒரு சென்டிமீட்டர். போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர்!

பிவிசி பைப் வளையும், வெயிலில் இன்னும் வளையும். மூங்கில் நல்லது. கன்டோன்மென்ட் பக்கம் பேம்பூ பஜாரில் உள்ளே ஓட்டை இல்லாத கெட்டி மூங்கில் கேளுங்கள், கட்டைவிரல் பருமன் போதும். உட்கார்ந்து சுட மூன்றடி, நின்று சுட ஐந்தரை அடி. மேல்முனையைக் கணுவுக்குச் சற்று மேலே அறுக்க வேண்டும். கணுவுக்குக் கீழே அறுத்தால் ஒரு மாதத்தில் பிளந்துகொள்ளும். நுனியிலிருந்து நான்கு விரற்கடை கீழே இரண்டையும் குறுக்காக வைத்து, பஞ்சர் கடையில் சும்மா கிடைக்கும் சைக்கிள் டியூபை வார் வாராகக் கிழித்து, எட்டு போட்ட மாதிரி சுற்றிக் கட்டுங்கள். போல்ட் போடத் துளை போட்டால் அந்த இடத்தில்தான் மூங்கில் முதலில் விரியும். டியூப் கட்டு கொஞ்சம் நெகிழும், ஆனால் இழுத்துப் பிடிக்கும். கட்டுக்கு மேலே விரியும் இரண்டு கைகளிலும் அதே டியூபை இன்னொரு சுற்று சுற்றிவிட்டால் துப்பாக்கியின் மரக்கட்டையில் கீறல் விழாது.

அடுத்தது கால்கள். தோட்டத்து மண்ணில் குச்சி ஊன்றி நிற்கும். மொசைக் தரையில், டைல்ஸில் இரண்டு காலும் பப்பரப்பா என்று விரிந்துவிடும். கைத்தடிக்குப் போடும் ரப்பர் பூண் வாங்கி மாட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டுங்கள், மடக்கு ஏணிக்குக் கட்டுவது போல. இரண்டு கால் குச்சி மேலும் கீழுமான ஆட்டத்தையும் பக்கவாட்டு ஆட்டத்தையும் பெரும்பாலும் அடக்கும். முன்னும் பின்னுமான ஆட்டத்துக்கு மூன்றாவது கால் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு தப்பு நடக்கும். எல்லோரும் செய்வது. அவரும் செய்திருந்தார்: குழலைக் குச்சி மேல் வைத்தார். வைக்க வேண்டியது குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையை. அதுவும் நேராக வைக்கக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது ஸ்பிரிங் ரைஃபிள். டிரிக்கரை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே தள்ளுகிறது. பிஸ்டன் காற்றில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னே குதிக்கிறது. இத்தனை கூத்துக்கும் அப்புறம்தான் பெல்லட் குழலை விட்டு வெளியே வருகிறது. கெட்டியான ஒன்றின் மேல் வைத்தால் இந்தக் குதிப்பு திசை மாறிவிடும். கையில் பிடித்துச் சுட்டால் நடுவில் விழுந்தது, குச்சி மேல் வைத்தால் வேறு எங்கோ விழும். குச்சி மேல் உங்கள் உள்ளங்கை, உள்ளங்கை மேல் துப்பாக்கி. இறுக்கிப் பிடிக்காதீர்கள், அது தன் இஷ்டத்துக்குக் குதிக்கட்டும்.

இன்னொன்று. பெல்லட் போடாமல் ஸ்பிரிங் ரைஃபிளைச் சுட்டுப் பழகாதீர்கள். பிஸ்டனை மெத்தென்று நிறுத்த எதிரே காற்றழுத்தம் இருக்காது, நேராக இரும்பில் அடிக்கும். சீல் போய்விடும். போட்டி ரைஃபிள்களில் வெறும் டிரிக்கர் பயிற்சிக்கென்றே ஏற்பாடு உண்டு, அது வேறு.

எனக்கு உண்மையில் பயம் தருவது ஒன்றுதான்: குச்சி மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது. சில வருடங்களுக்கு முன் என் கண்ணெதிரே நடந்தது. பெல்லட் ஏற்றிய துப்பாக்கி, டைல்ஸ் தரை, யாரோ நடந்த அதிர்ச்சியில் கால் வழுக்கியது. விழுந்த வேகத்தில் வெடித்து, பெல்லட் சுவரில் பட்டுத் திரும்பி ஒரு பையனின் செருப்பில் குத்தி நின்றது. செருப்பு தடிமனாக இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வகுப்பில் குச்சியை விட்டு நகர்ந்தால் துப்பாக்கி பெட்டிக்குள் போக வேண்டும்.

மொட்டை மாடியில் சுடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பெல்லட் நூறு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அட்டைக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இருக்கிறது என்பது காப்பு கிடையாது, அது திருப்பி அடிக்கும். பழைய துணி திணித்த தடித்த பெட்டி வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஈயம் தொட்ட கையோடு இட்லி சாப்பிடாதீர்கள்.

போட்டிக்கு இந்தக் குச்சி செல்லாது, தெரிந்துகொள்ளுங்கள். பத்து மீட்டரில் நின்று, கையால் தாங்கித்தான் சுட வேண்டும். கடலூரில் பிறந்த ஒலிம்பிக் வீராங்கனை இளவேனில் வாலறிவன் அப்படித்தான் சுடுகிறார். பாராலிம்பிக்கில் கையால் ரைஃபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்த தாங்கி உண்டு. பிறகு எதற்கு மூங்கிலை அறுக்கச் சொல்கிறேன் என்றால், கை ஆட்டம் போனால்தான் டிரிக்கர் விரலின் குட்டு வெளிப்படும். குச்சியிலும் அட்டை முழுக்கச் சிதறினால் குற்றவாளி கை இல்லை, விரல்.

அவர் விரலும் அப்படித்தான். டிரிக்கரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மூங்கில் குச்சி மேல் உட்கார்ந்து சுட்டபோது, சாசர் அளவுக்குச் சிதறியிருந்த ஐந்து ஓட்டைகளும் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அட்டையை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"நின்னு சுட எப்ப ஆரம்பிக்கலாம் சார்?"

"ஆறு மாசம் ஆகும். வேலி என்ன ஆச்சு?"

"கொட்டேஷன் வந்திருக்கு சார். துப்பாக்கி விலையைவிட நாலு மடங்கு!"