காட்டுயிர்ப் படங்கள்: வண்ணத்தை எப்போது விடலாம், எப்போது விடக் கூடாது

வார இறுதிகளில் நான் நடத்தும் எடிட்டிங் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "வண்ணத்தில் சரியாக வரவில்லை சார், அதனால் கறுப்பு வெள்ளை ஆக்கிவிட்டேன்." படத்தை வாங்கிப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்துவிடும். உச்சி வெயிலில் எடுத்திருப்பார்கள், அல்லது இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர் அளவை, வரம்பு மீறி ஏற்றியதால் நிழல்களில் வண்ணப் புள்ளிகள் மொய்த்திருக்கும், அல்லது பின்னணியில் கண்ணை உறுத்தும் ஏதோ ஒன்று நின்றிருக்கும். வண்ணத்தை எடுத்துவிட்டதும் இந்தக் குறைகள் பாதி மறைந்து, படத்துக்குக் கனமான தோற்றம் ஒன்று வந்துவிடுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பிப் படத்தை வெளியில் அனுப்புவதில் உள்ள ஆபத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். காட்டு விலங்கின் படம் பார்க்க அழகாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்த உயிர், ஆணா பெண்ணா, எந்தப் பருவம், எந்த வகைக் காடு என்று பார்ப்பவருக்குச் சொல்லும் ஆவணமும் அதுவே. இந்தச் செய்திகளில் பலவற்றை வண்ணம்தான் சுமக்கிறது.

இதை நான் ஒரு பிழையின் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வால்பாறைப் பகுதியில், பழுத்துக் கிடந்த அத்தி மரம் ஒன்றில் மலை இருவாச்சி ஆண் பறவையைப் படம் எடுத்தேன். மேகமூட்டமான காலை என்பதால் வண்ணங்கள் மந்தமாக இருந்தன. ஆனால் அலகும், அலகின் மேலுள்ள கொம்பு போன்ற புடைப்பும், கிளையைப் பற்றியிருந்த விரல்களும் உருவ அளவில் அருமையாக அமைந்திருந்தன. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். இருண்ட இலைகளுக்கு முன்னால் கொம்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக எடிட்டிங் மென்பொருளில் அந்தந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வர வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய மூன்று ஸ்லைடர்களையும் வலப்பக்கம் நன்றாக நகர்த்தினேன். கொம்பு தந்தம் போல மின்னியது. படம் ஒரு கண்காட்சிக்குப் போனது. அங்கே விளக்கப் பலகை எழுதியவர்கள் அதன் கீழே "பெண் இருவாச்சி" என்று எழுதியிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலை இருவாச்சியில் ஆணின் விழி சிவப்பாகவும், பெண்ணின் விழி வெளிர்ந்த வெண்மையாகவும் இருக்கும். ஆண், பெண் வேறுபாட்டுக்குப் பறவை நோக்கர்கள் நாடும் முக்கிய அடையாளங்களில் ஒன்று அது. நான் சிவப்பு ஸ்லைடரை ஏற்றியபோது கொம்பின் நுனியோடு சேர்ந்து ஆணின் சிவந்த விழியும் வெளுத்துவிட்டது. நான் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணைக் கவனிக்கவில்லை. கண்காட்சிக்கு வந்த மாணவி ஒருவர்தான் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, "கொம்பின் முன்னாலும் பின்னாலும் கறுப்பு இருக்கிறதே, இது ஆண் அல்லவா? ஆனால் கண் ஏன் பெண்ணுடையது போல இருக்கிறது?" என்று கேட்டார். இயற்கையில் இல்லாத ஒரு பறவையை நான் என் மேசையில் உருவாக்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அன்றிரவே மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மாறியிருந்தது கண் மட்டும் அல்ல. இருவாச்சி தன் வாலடிச் சுரப்பியிலிருந்து வரும் எண்ணெயை அலகால் எடுத்துப் பூசிக்கொள்ளும். அதனால்தான் அதன் கழுத்தின் வெள்ளை இறகுகளிலும், சிறகின் வெள்ளைப் பட்டையிலும், கொம்பிலும் மஞ்சள் ஏறியிருக்கிறது. மஞ்சள் ஸ்லைடரை ஏற்றியதில் அந்தப் பூச்சு முழுவதும் அழிந்து, கழுத்து வெறும் வெள்ளையாகிவிட்டது. பறவை தன் உடலில் தானே தீட்டிக்கொண்ட நிறத்தை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன்.

இது எப்படி நிகழ்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிழைகளைத் தவிர்த்துவிடலாம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி உண்டு. பாதிப் புள்ளிகளில் பச்சை, கால் பங்கில் சிவப்பு, கால் பங்கில் நீலம். கறுப்பு வெள்ளையாக மாற்றுவது என்றால், எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக மாற வேண்டும் என்று முடிவு செய்வதுதான். தொலைக்காட்சிக் காலத்துப் பழைய சூத்திரம் ஒன்று பச்சைக்கு ஏறத்தாழ 59 பங்கும், சிவப்புக்கு 30 பங்கும், நீலத்துக்கு 11 பங்கும் கொடுத்தது. வண்ணச் செறிவை வெறுமனே பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் இந்த முடிவை மென்பொருளே எடுத்துவிடும். அப்போது பச்சை இலைக்கு நடுவே இருக்கும் சிவந்த பழம், இலையோடு இலையாகப் பல நேரம் ஒரே சாம்பலில் கரைந்துபோகும். ஃபிலிம் காலத்தில் வானத்தை இருட்டாக்க மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியையும், இலைகளை வெளிச்சமாக்கப் பச்சைக் கண்ணாடியையும் லென்ஸின் முன்னால் மாட்டினார்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் உள்ள எட்டு வண்ண ஸ்லைடர்கள் அந்தக் கண்ணாடிகளின் வாரிசுகள்தான். ஆனால் கண்ணாடியை மாட்டியவர் படம் எடுக்கும் முன்பே யோசித்தாக வேண்டியிருந்தது. நாம் பின்னால் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதால்தான் வரம்பு மீறுகிறோம்.

மாணவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்றும் உண்டு. இலைகளை இருட்டாக்கப் பச்சை ஸ்லைடரை இறக்குவார்கள், பெரிதாக ஒன்றும் நடக்காது. வெயில் பட்ட இலையின் நிறத்தில் பெரும்பகுதி மஞ்சள் ஸ்லைடரின் ஆளுகைக்குள் வருகிறது. ஆகவே மஞ்சளைத் தொட்டதும் காடு முழுவதும் அசையும், கூடவே புலியின் உடலும் புள்ளிமானின் முதுகும் அசையும். நீலத்தை மிக இறக்கினால் வானத்தில் நாய்ஸ் எனும் மணல் போன்ற புள்ளிகளும் பட்டை பட்டையான கோடுகளும் கிளம்பி, கிளைகளின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரியத் தொடங்கும். ஒளியின் நிறத்துக்கேற்ப வெண்மையைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினாலும் கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல்கள் மாறும். எனவே வண்ணத்தில் அதைச் சரிசெய்த பிறகே மாற்ற வேண்டும்.

எந்தப் படத்தில் வண்ணத்தை விடவே கூடாது? நீலகிரியில் எடுத்த ஒரு சிறு நீலப் பறவையின் படத்தை எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரி ஈப்பிடிப்பானின் ஆண் ஆழ்ந்த அவுரி நீலம். குளிர்காலத்தில் வந்துபோகும் இன்னொரு ஈப்பிடிப்பான் மயில்துத்தத்தைப் போன்ற பச்சை கலந்த நீலம், அதன் கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்புத் திட்டு உண்டு. இரண்டையும் களத்தில் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் நீலத்தின் சாயல்தான். கறுப்பு வெள்ளையில் அந்தச் சாயல் அறவே போய்விடும். வண்ணத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் எடுப்பாக இருக்கட்டும்" என்று நீலத்தின் சாயலைப் பச்சைப் பக்கம் தள்ளினால் உள்ளூர்ப் பறவை விருந்தாளியாகிவிடும். ஆகவே வண்ணத்தில் எடிட் செய்பவர்கள் தங்களை நேர்மையானவர்கள் என்று தாமாகவே நினைத்துக்கொள்ள வேண்டாம். பறவைக் கணக்கெடுப்புத் தளங்களில் படங்கள் ஆதாரமாகச் சேர்க்கப்படும் இக்காலத்தில், ஸ்லைடர் இழுப்பு ஒன்று தவறான பதிவாக நிலைத்துவிடக்கூடும்.

பறவையை விட எனக்குக் கவலை தருவது அதன் பின்னால் நிற்கும் காடு. மார்ச் மாதத்தில் முதுமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், இலையுதிர் காடு அப்போது பழுப்பும் வைக்கோல் நிறமுமாக நிற்கும், சில இடங்களில் தரை கருகியும் கிடக்கும். அந்த வறட்சியின் நடுவே நீர் தேடி நடக்கும் யானையின் படத்தில், மஞ்சளின் சாயலைப் பச்சைக்குத் திருப்பி மழைக்காலக் காடாக மாற்றிய படங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். யானையின் விலா எலும்பு தெரிகிறது, பின்னால் காடோ செழிப்பாக இருக்கிறது. பார்ப்பவர் யானைக்கு நோய் என்று நினைப்பார். அது கோடைக்காலம் என்ற எளிய உண்மையைப் படம் மறைத்துவிட்டது.

கறுப்பு வெள்ளை இதே தவறை இன்னும் சத்தமின்றிச் செய்கிறது. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளின் அடித்தளத்தை அடைத்துக்கொண்ட புதர். சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல் மரமும் நீலகிரி, வயநாடு காடுகளில் அப்படித்தான் பரவியிருக்கிறது, அதை அகற்ற வனத்துறை பெரும்பாடு படுகிறது. உண்ணிச்செடியின் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமான பூக்கொத்துகளையும், அந்த மரத்தின் கொத்துக் கொத்தான மஞ்சள் பூக்களையும் வண்ணப் படத்தில் ஒரு தாவரவியல் மாணவரால் உடனே அடையாளம் காண முடியும். அதையே சாம்பலாக மாற்றினால், யானைக்குப் பின்னால் "அடர்ந்த கானகம்" ஒன்று நிற்பதாகத் தோன்றும். புல் முளைக்க இடமில்லாத நிலத்தை வளமான காடாகக் காட்டும் படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அப்படிப்பட்ட பின்னணி உள்ள படங்களை இப்போது நான் வண்ணத்தில் மட்டுமே வெளியிடுகிறேன்.

இவ்வளவும் சொன்னதால் கறுப்பு வெள்ளைக்கு நான் எதிரி என்று கொள்ள வேண்டாம். ஒளியும் உருவமும் தோலின் வரிகளுமே செய்தியாக இருக்கும் படத்தில் வண்ணம் குறுக்கே வருவதுண்டு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், மூடுபனி இறங்கிய பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டைப் பாருங்கள். அங்கே வண்ணம் முன்பே விடைபெற்றிருக்கும். முதிர்ந்த கடாவின் கரிய உடலும் முதுகில் சேணம் போட்டது போன்ற வெளிர்த் திட்டும்தான் அதன் வயதைச் சொல்லும் அடையாளங்கள், அவை சாம்பலில் இன்னும் தெளிவாக நிற்கும். காட்டு மாட்டின் பளபளக்கும் கரிய தோளும் வெள்ளைக் காலுறையும் அப்படியே. சோலைமந்தியின் கறுத்த முகத்தைச் சூழ்ந்த வெள்ளிப் பிடரிக்கும் இது பொருந்தும். அதன் ரோமத்தில் நிழல் விவரங்கள் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) தென்னிந்தியக் காடுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்ப்பவர்கள், வண்ணம் இல்லை என்ற குறையை உணர்வதில்லை. விலங்கு எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பது அவற்றில் ஐயமின்றித் தெரியும்.

யானைப் படத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. சுருக்கங்களை எடுத்துக்காட்ட, நுண் விவரங்களை அழுத்தமாக்கும் டெக்ஸ்சர், கிளாரிட்டி ஸ்லைடர்கள் இரண்டையும் ஏற்றும்போது, கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள சாதாரண நிழல், மதநீர் வழிந்த கறை போல இருண்டுவிடும். மதம் பிடித்த யானை என்ற செய்தியோடு அந்தப் படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கினால், அந்த வழித்தடத்து ஊர்களில் தேவையற்ற பீதி கிளம்பும். கன்னப் பகுதியை மூலக் கோப்போடு ஒப்பிட்ட பிறகே நான் யானைப் படங்களைச் சேமிக்கிறேன். செம்மண் பூசிக்கொண்ட யானையின் நிறமும், வயதான யானையின் காதோரத்து இளஞ்சிவப்பும் சாம்பலில் வெறும் திட்டுகளாகிவிடும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

போட்டிகளுக்கு அனுப்புவோர் விதிகளை முழுவதும் படிக்க வேண்டும். உலகளாவிய ஒளிப்பட அமைப்புகளான எஃப்ஐஏபி, பிஎஸ்ஏ, ஆர்பிஎஸ் மூன்றும் 2014இல் ஏற்றுக்கொண்ட இயற்கைப் படத்துக்கான பொது வரையறை, வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க அனுமதிக்கிறது. படத்தில் ஒரு பொருளைச் சேர்ப்பதையோ நீக்குவதையோ அது அனுமதிப்பதில்லை, அகச்சிவப்புப் படங்களையும் ஏற்பதில்லை. அதே 2014இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்றது, செரங்கெட்டியில் மைக்கேல் நிக்கோல்ஸ் அகச்சிவப்பில் எடுத்த சிங்கக் கூட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படம். ஓரிடத்தில் தலைசிறந்ததாகக் கொண்டாடப்படும் முறை இன்னோரிடத்தில் நுழைவிலேயே தள்ளப்படலாம். இரண்டுக்கும் அவரவர் நியாயம் உண்டு.

கேமராவில் மோனோக்ரோம் அமைப்பை வைத்துப் படம் எடுப்பதில் தவறில்லை, ஒளியைப் படிக்க அது நல்ல பயிற்சி. ஆனால் சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்தால் வண்ணம் திரும்பி வராது. மேலும் 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256 படிகள்தான். ஸ்லைடரை இழுக்கும்போது மென்மையான சாம்பல் உடைந்துபோவதற்கு இந்த வித்தியாசமே காரணம். வண்ணப் பிரதியை முதலில் முடித்துவிட்டு, கறுப்பு வெள்ளையை, மூலக் கோப்பைத் தொடாமல் மென்பொருளிலேயே உருவாக்கும் விர்ச்சுவல் காப்பியில் தனியாகச் செய்யுங்கள். ஆய்வாளர்களோ வனத்துறையினரோ கேட்டால் வண்ணப் பிரதியை அனுப்புங்கள்.

அந்த இருவாச்சிப் படத்தை மறுபடியும் செய்தேன். சிவப்பு ஸ்லைடர் இப்போது பூஜ்யத்தில் நிற்கிறது, மஞ்சளைச் சிறிதளவே ஏற்றியிருக்கிறேன். கொம்பு முன்போல மின்னவில்லை. கழுத்து இறகுகளில் எண்ணெய் படிந்த இடம் மெல்லிய சாம்பலாகத் தெரிகிறது, கண் இருண்டிருக்கிறது. புதிய பிரதியின் கீழ் மூலையில் அதே படத்தின் வண்ணப் பதிப்பை உள்ளங்கை அளவில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறேன், அதில் விழி சிவப்பாக இருக்கிறது.