டிராம்பிள்: ‘ஏறிமிதி’ எனலாமா?

‘மேஜிக்: த கேதரிங்’ என்ற அட்டை விளையாட்டில் பச்சை நிறப் பெருவிலங்குகளின் அட்டையில் அடிக்கடி தென்படும் சொல் டிராம்பிள். 1993இல் வந்த முதல் தொகுப்பான ஆல்ஃபாவிலேயே இது உண்டு. அதில் வந்த ‘வார் மாமத்’ 3/3 அளவுள்ள ஒரு போர் யானை. யானைக்கு இந்தத் திறனைக் கொடுத்தது பொருத்தம்தான்.

முன் எண் தாக்கும் வலு, பின் எண் தாங்கும் வலு. 6/6 அளவுள்ள ‘கொலோசல் டிரெட்மா’ என்ற டைனோசர் தாக்க வருகிறது. எதிராளி 2/2 கரடி ஒன்றைக் குறுக்கே நிறுத்துகிறார். டிராம்பிள் இல்லையென்றால் ஆறு அடியும் கரடியோடு சரி, எதிராளி தப்பித்துவிடுவார். டிராம்பிள் இருந்தால் கரடி சாவதற்கு வேண்டிய 2 போக, மீதி 4 எதிராளியின் உயிர்ப்புள்ளியில் கழியும்.

கணக்குப் பிசகுவது இந்த ‘சாவதற்கு வேண்டிய’ அளவில்தான். தடுப்பது 4/4 விலங்கு, அதே சுற்றில் ஏற்கெனவே 3 அடி வாங்கியிருக்கிறது என்றால் இன்னும் 1 போதும். தாக்கும் விலங்குக்கு டெத்டச்சும் (ஒரு அடி பட்டாலே கொல்லும் திறன்) சேர்ந்திருந்தால் எவ்வளவு பெரிய தடுப்புக்கும் 1 போதும். இந்த ஜோடியை மறந்து தோற்றவர்கள் ஏராளம். அழியா வரம் பெற்ற 5/5 தடுத்தால் எதுவும் தாண்டாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சாகாது, சரி. ஆனால் அதற்கு 5 ஒதுக்கினாலே விதி நிறைவேறிவிடும், ஆறாவது அடி தாண்டும். தடுத்த கரடியை நடுவில் யாராவது மந்திரம் போட்டு அகற்றிவிட்டால் ஆறும் எதிராளிக்கே. டிராம்பிள் இல்லாத விலங்கோ, கரடி போன பிறகும் தடுக்கப்பட்டதாகவே நிற்கும். ஒரு அடிகூடப் போகாது.

தடுக்கும் விலங்குக்கு டிராம்பிள் இருந்து பயனில்லை. தாக்குதலுக்கு வெளியே இரு விலங்குகளை மோதவிடும் மந்திரங்களிலும் அது வேலை செய்யாது.

ஆங்கிலத்தில் ‘டிராம்ப்’ என்றால் தொம்தொம்மென நடப்பது. அதோடு ஈறு சேர்ந்து, திரும்பத் திரும்ப மிதிப்பது டிராம்பிள் ஆனது. தமிழில் இதற்குப் பழைய சொற்கள் உண்டு: உழக்குதல், துகைத்தல், துவைத்தல். பொருளில் மூன்றும் கச்சிதம். ஆனால் உழக்கு என்றதும் நினைவுக்கு வருவது கால்படி. துவைத்தல் துணிக்குப் போய்விட்டது. துகைத்தலுக்கு அகராதியைப் புரட்ட வேண்டும். வெறும் ‘மிதி’யும் போதாது. மிதித்தால் கரடி சாகும், அப்பால் போவது அதில் இல்லை.

பேச்சுத் தமிழில் ‘ஏறி மிதிச்சிட்டுப் போயிடுவேன்’ என்கிறோமே, அதில் மிதிப்பதும் இருக்கிறது, தாண்டிப் போவதும் இருக்கிறது. இந்த அட்டைகள் தமிழில் அச்சாவதில்லை என்பதால் தடுக்கவும் ஆளில்லை. திறனின் பெயராக ‘ஏறிமிதி’ என்று எழுதலாம். மேசையில் சொல்லவும் இடறாது: “கரடிக்கு ரெண்டு, ஏறிமிதிச்சு உனக்கு நாலு.”